சொல்லாமல் விட்ட பாதி

டொக்டர் ஹில்டெ நொர்வேஜிய மொழியில் நான்கு வசனம் சொன்னார். நான் அதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் இரண்டாக்கிச் சொன்னேன்.

அவர் சொன்னது இது: "உன் கீழ்க்கால் எலும்புக்குள் கிருமி போயிருக்கிறது. எலும்பில் ஒரு பகுதி இறந்துவிட்டதென்று நினைக்கிறோம். திறந்து, இறந்ததைச் சீவி எடுத்துச் சுத்தமாக்குவோம். அது பலிக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டி வரும்."

நான் சொன்னது இது: "எலும்பிலை கொஞ்சம் கிருமியாம். திறந்து சுத்தமாக்குவினமாம்."

"அவ்வளவுதானோ? அவா கனக்கக் கதைச்சாவே" என்றார் அப்பா.

"இஞ்சத்தை டொக்டர்மார் அப்பிடித்தான் அப்பா. ஒண்டைச் சொல்ல ஒன்பது தரம் சுத்துவினம்."

அம்மா கும்பிட்டார். ஹில்டெ அம்மாவின் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காலை எடுக்க வேண்டி வரலாமென்று கேள்விப்பட்ட தாய் நன்றி சொல்கிறாளே என்று யோசித்திருப்பார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் என்னைப்போல வீட்டுக்கு வாயாக வளர்ந்த பிள்ளைகளாக இருப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா மூன்றாம் வகுப்பு. ஏழு வயதில் ஒஸ்லோ வந்த நான்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன், பல்கலைக்கழகம் போனவன். எட்டு வயதிலிருந்து தபால் கந்தோர், வரிக் கந்தோர், டொக்டர் எல்லா இடத்திலும் நான்தான் கதைத்தேன். கேட்டால் மொழிபெயர்ப்பாளர் தருவார்கள். ஆனால் அப்பா விடமாட்டார். "அதுவும் எங்கடை ஆள்தானே. நாங்கள் வீட்டை போய்ச் சேர முதல் கதை புருசெத்திலை இருக்கிற எங்கடை சனத்துக்கெல்லாம் போயிடும்" என்பார். அதனால் பிள்ளை போதும்.

பிள்ளை என்ன செய்வான்? கஷ்டமான சொற்களைக் கழற்றிவிட்டுக் கொடுப்பான். "வகுப்பில் ஓயாமல் கதைக்கிறான்" என்று ஆசிரியை சொன்னதை "நல்லாக் கேள்வி கேக்கிறானாம்" ஆக்கினேன். அப்பாவின் சீனி வருத்தத்தை "இனிப்பைக் கொஞ்சம் குறைக்கட்டாம்" ஆக்கினேன். அது பொய் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அம்மா இன்றைக்கும் என் மீனில் முள்ளெடுத்துத்தான் சோற்றுக் கோப்பையில் வைப்பார். நான் அவருக்குச் சொற்களில் முள்ளெடுத்தேன். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

கால் எப்படி உடைந்ததென்பதையும் நான் முழுதாகச் சொல்லவில்லை. இயந்திரப் பொறியியல் முடித்து, அமெரிக்காவில் ஒரு சிறிய கார்ப் பந்தயக் குழுவில் ஒரு வருட வேலைக்குப் போயிருந்தேன். காரிலிருக்கும் கருவிகள் அனுப்பும் அளவுகளைப் படித்து, கார் எப்படி ஓடுகிறதென்று குழுவுக்குச் சொல்வதுதான் வேலை. வீட்டில் "கார்க் கொம்பனியிலை இஞ்சினியர்" என்று சொல்லியிருந்தேன். ஒக்டோபரில் ஒரு பந்தயத்தில் கார்கள் மோதி, உடைந்த இரும்புத் துண்டொன்று வேலி தாண்டி வந்து என் இடது கீழ்க்காலைப் பிளந்தது. எலும்பு வெளியே தெரிந்த காயம், மண்ணும் எண்ணெயும் உள்ளே. அங்கேயே எலும்புக்குள் உலோகக் கம்பி ஏற்றிப் பொருத்தினார்கள். மூன்று கிழமையில் ஒஸ்லோவுக்கு அனுப்பினார்கள். வந்து நான்காம் நாள் காய்ச்சல் தொடங்கியது. அம்மாவுக்கு நான் சொன்னது, "வேலையிடத்திலை விழுந்தனான்."

அம்மா அதை இன்னும் கொஞ்சம் சுருக்கி வைத்திருந்தார். என்னைப் பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் "படியிலை விழுந்திட்டான்" என்றார். வந்த சனம் கொஞ்சமல்ல. கட்டிலுக்கு இரண்டு பேர்தான் என்பது வார்ட்டின் சட்டம். எங்கள் ஆட்கள் இரண்டிரண்டாக லிஃப்டுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார்கள். யன்னலோரம் ஹோர்லிக்ஸ் போத்தல் ஆறு.

"எந்தப் படியடாப்பா, கால் ரெண்டா முறியிறதுக்கு?" என்றார் மாமா ஒருவர்.

"அமெரிக்காவிலை படியள் வலு செங்குத்தாம் அண்ணை" என்றார் அம்மா, கண்ணிமைக்காமல்.

முதலாவது சத்திரசிகிச்சையில் உள்ளேயிருந்த கம்பியைக் கழற்றினார்கள். கிருமி உலோகத்தில் பாசிபோல ஒட்டிக்கொள்ளுமாம், மருந்து அங்கே போய்ச் சேராதாம். கம்பிக்குப் பதிலாகக் காலுக்கு வெளியே ஒரு சட்டகம் பூட்டினார்கள். தோலைத் துளைத்து எலும்பில் ஊசிகள் இறங்கும், ஊசிகளைச் சட்டகம் பிடித்திருக்கும். அப்பா அதைப் பார்த்துவிட்டு "கட்டிடத்துக்குச் சாரம் கட்டினமாதிரி" என்றார். கைநரம்பால் மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சுவரை ஏற்றி, நாளுக்கு நான்கு தடவை மருந்து விட்டார்கள்.

அதன் பிறகு என் நாட்களை ஓர் எண்தான் நடத்தியது. சி.ஆர்.பி. என்று ஓர் இரத்தப் பரிசோதனை. உடம்பில் எங்காவது கிருமியோடு சண்டை நடந்தால் இரத்தத்தில் கூடுகிற ஒரு புரதம் அது. எங்கே சண்டையென்று சொல்லாது, எவ்வளவு பெரிய சண்டையென்று மட்டும் சொல்லும். சுகதேகிக்கு ஐந்துக்குள் நிற்கும். எனக்கு வந்த அன்று நூற்றெண்பது. சுத்தமாக்கிய பிறகு நூற்றிருபது, பிறகு தொண்ணூறு. காலையில் இரத்தம் எடுக்க வரும் பெண்ணின் தள்ளுவண்டிச் சில்லுச் சத்தம் கேட்டாலே என் வாய் காய்ந்துவிடும். முடிவு பதினொரு மணிக்கு வரும். அதுவரை பாணும் மண்ணிறச் சீஸும் தட்டில் அப்படியே கிடக்கும்.

ஒன்பதாம் நாள் எண் இருநூற்றுப் பத்து. காயத்திலிருந்து மறுபடி சீழ்.

அன்று ஹில்டெ கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உன் பெற்றோருக்கு நிலைமை தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"உன் அம்மா நேற்று என்னிடம், நீ நத்தார்ப் பண்டிகைக்கு முன் நடப்பாயா என்று நொர்வேஜிய மொழியில் கேட்டார்." அம்மா பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலை. அந்தளவு மொழி அவருக்கு உண்டு. "தெரிந்த தாய் அப்படிக் கேட்கமாட்டார். பின்னேரம் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை எடுக்கிறேன்."

வேண்டாமென்று மன்றாடினேன். கேட்கவில்லை.

பின்னேரம் அப்பா பஸ் சாரதி உடுப்போடேயே வந்தார். அம்மா சொதியும் இடியப்பமும் கொண்டுவந்தார். ஹில்டெ தொலைபேசியை என் கட்டில் மேசையில் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினார். ஒரு பெண் குரல்.

"வணக்கம். நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இங்கே சொல்லப்படும் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பேன். எதையும் வெளியே சொல்லமாட்டேன்."

அப்பா குனிந்து தொலைபேசிக்குக் கிட்டப் போனார். "பிள்ளை, கேட்ட குரலாக் கிடக்கு. நீங்கள் அம்மருட்டிலையோ இருக்கிறியள்?"

"அதை நான் சொல்ல ஏலாது ஐயா."

"அப்ப அம்மருட்தான்" என்றார் அப்பா அம்மாவிடம், மெதுவாக.

தொலைபேசி உடனே நொர்வேஜிய மொழியில் சொன்னது: "'அப்படியானால் அம்மருட்தான்' என்று தந்தை தாயிடம் சொல்கிறார்."

ஹில்டெக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் குரல் ஒன்றையும் விடப்போவதில்லை.

விடவில்லை. கிருமி, இறந்த எலும்பு, மறுபடி ஏறிய எண், எல்லாம் ஒவ்வொன்றாகத் தமிழில் வந்தன. கடைசியில், "காலை எடுக்க வேண்டி வரலாம் என்று முதல் நாளே உங்கள் மகனிடம் சொல்லியிருந்தேன் என்று மருத்துவர் சொல்கிறார்" என்றது.

அம்மா சொதிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். மூடி எப்போதோ இறுகிவிட்டது.

"என்ரை பிள்ளையின்ரை காலைப் பற்றி ரெலிபோனிலை ஆரோ சொல்லித்தான் நான் அறியவேணுமே?"

தொலைபேசி அதையும் மொழிபெயர்த்தது. ஹில்டெ எழுந்து, நாளைக்குத் திரும்பவும் கதைப்போமென்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"வேறை என்னத்தைக் குறைச்சனி?" என்றார் அம்மா.

நான் இடியப்பத்துக்குக் கை நீட்டினேன்.

"தம்பி, உன்னைத்தான். படியிலையோ விழுந்தனி?"

அப்போதுதான் சொன்னேன். அலுமாரியில் வாந்தியெடுக்கும் மட்டைக் கிண்ணங்கள் அடுக்கியிருக்கும். ஒன்றை எடுத்துத் தரச்சொல்லி, அதன் சரிந்த ஓரத்தை அப்பாவுக்குக் காட்டினேன்.

"இதுதான் பாதை. நீள்வட்டம். வளைவுகள் இந்தக் கிண்ணத்துக் கரைமாதிரிச் சரிஞ்சு நிக்கும். சரிவு கார்களைத் தாங்கும். காரிலை பூட்டின செட்டையள் காத்தாலை காரைக் கீழை அமத்தும். அதாலை வளைவிலையும் ஒருத்தரும் வேகம் குறைக்கத் தேவையில்லை. சுத்தி முழுக்க முழு வேகம்."

"எல்லாரும் ஒரே வேகமெண்டால் என்ன கரைச்சல்?" என்றார் அப்பா.

"ஒரே வேகமெண்டால் ஒருத்தராலும் விலகிப் போக ஏலாது அப்பா. முன்னுக்குப் போறவன் காத்தைக் கிழிச்சுக் குடுப்பான், பின்னுக்கு வாறவன் அதுக்குள்ளை இழுபட்டுக் கிட்ட வந்திடுவான். இருபது கார் ஒரே கும்பலா, மூண்டு மூண்டு பேர் பக்கத்திலை பக்கத்திலை." மருந்துக் குளிசை தரும் சின்னக் கோப்பைகளைக் கிண்ணத்துக்குள் நெருக்கி வைத்தேன். "இந்தக் கார்களுக்குச் சில்லு மூடியில்லை, வெளியாலை நிக்கும். முன்னுக்கு நிக்கிற காரின்ரை பின்சில்லு சுத்தேக்கை பின்னுக்கு வாறவன்ரை முன்சில்லு அதிலை முட்டினால், அது அவனை மேலை தூக்கி எறியும். காரின்ரை அடியிலை காத்துப் பிடிச்சால் பேந்து அது கார் இல்லை. பறக்கும். பறந்து போய்ச் சனத்தைக் காக்கிற கம்பி வேலியிலை விழும். வேலித் தூண் காரைத் துண்டு துண்டாக்கும்."

"இடைவெளி எவ்வளவு?"

"ஒரு சாண். சிலநேரம் அதுவுமில்லை."

அப்பா கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு வருடம் ஒஸ்லோப் பனியில் பஸ் ஓட்டுகிறவர். "ஐஸ் றோட்டுப் பயிற்சியிலை எங்களுக்குப் படிப்பிச்சவன் என்ன சொன்னவன்? உனக்கும் முன்னுக்குப் போறவனுக்கும் இடையிலை இருக்கிற வெளிதான் உன்ரை பிறேக் எண்டு. அந்தப் புத்தகம் முழுக்க நீதானே எனக்குத் தமிழிலை வாசிச்சனி. பதினொரு வயதிலை."

ஓம். அந்தப் புத்தகத்தில் நான் ஒரு வரிகூட விடவில்லை. அப்பா சோதனையில் தவறிவிடக்கூடாதென்று.

மிச்சத்தைச் சொல்ல நேரமெடுத்தது. எங்கள் குழுவின் ஓட்டுநர் நோலன். அந்தப் பந்தயத்துக்கு முன் இதேபோலச் சரிந்த பாதைகளில் ஓடிய இரண்டு பந்தயங்களின் அளவுகளை எடுத்து, எவ்வளவு நேரம் எங்கள் காரின் முன்சில்லு இன்னொருவரின் பின்சில்லுக்கு ஒரு சாணுக்குள் நின்றதென்று பார்த்தேன். பாதிப் பந்தயத்துக்கு மேலே. ஒரு பக்கம் எழுதினேன்: இது ஓட்டுநரின் பிழையால் வரும் ஆபத்தல்ல, கும்பலாக ஓடவைக்கும் விதியால் வருவது. வளைவில் வேகம் குறைத்தே தீரவேண்டுமென்று செட்டைகளின் பிடியைக் குறைத்தால் கார்கள் பிரியும். அதுவரை எங்கள் ஆள் கும்பலுக்குப் பின்னால் நிற்பதுதான் ஒரே வழி. சிலர் அப்படித்தான் செய்வார்கள், மற்றவர்களின் கேலிச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு. முதலில் வேகத்தைத் தளர்த்துகிறவனை எல்லாரும் முந்திவிடுவார்கள், அதனால் கும்பலுக்குள் ஒருவரும் தளர்த்தமாட்டார்கள்.

பந்தயத்தன்று காலை நோலன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "உன் அளவுகளில் நான் தெரிந்திருக்க வேண்டியது ஏதாவது உண்டா? முன்னுக்குப் போகவா, பின்னுக்கு நின்று பார்க்கவா?"

நான் எழுதிய அந்தப் பக்கம் என் சட்டைப்பையில் இருந்தது. மறைக்கச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பந்தயத்துக்கு முன் ஒரு மனிசனை ஏன் பயப்படுத்துவான் என்று நானே நினைத்தேன். "புதிதாக ஒன்றுமில்லை. வழமைபோலத்தான்" என்றேன்.

அவன் முன்னுக்குப் போனான். மூன்று பேருக்கு நடுவில் நின்றபோது சில்லு முட்டியது. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் உடைந்து, உயிரோடு இருக்கிறான். இனி ஓட்டமாட்டான். வேலி தாண்டி வந்து என் காலில் விழுந்தது அவனுடைய காரின் துண்டு.

பந்தயத்தை நடத்தியவர்களிடமிருந்து எனக்கொரு மின்னஞ்சல் வந்திருந்தது. விபத்துக்கு முன் குழுவில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று எழுதித் தரட்டாம். வார்ட்டில் மடிக்கணினியைத் திறப்பதும் அதைப் பார்த்துவிட்டு மூடுவதுமாக இருந்தேன் என்பதையும் சொன்னேன்.

அம்மா கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "அந்தப் பெடியன்ரை தாய்க்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"எது?"

"நீ சொல்லேல்லை எண்டு."

அடுத்தநாள் எண் இருநூற்று நாற்பது. நடுக்கம் தொடங்கியது, குளிர் நடுக்கம், பல் அடித்தது, சட்டகத்தின் ஊசிகளும் சேர்ந்து அதிர்ந்தன. கிருமி எலும்பை விட்டு இரத்தத்தில் பரவினால் கால் அல்ல, ஆளே போய்விடுவான் என்றார் ஹில்டெ. அதே பெண் குரல் மேசையில் தொலைபேசியில் இருந்தது. நான் கையை உயர்த்தினேன்.

"நான் சொல்லுறன். நான் விட்டால் நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

எல்லாவற்றையும் சொன்னேன். நான் சாகலாம் என்பதையும் என் வாயாலேயே, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடிய ஹில்டெ தொலைபேசியைக் கேட்டார்: "எல்லாம் சொன்னானா?"

"எல்லாம்" என்றது குரல்.

அப்பா தொப்பியைக் கழற்றினார். "அவவிட்டைக் கேள். இது அவவின்ரை மகன்ரை காலெண்டால் என்ன செய்வா?"

கேட்டேன். ஹில்டெ சட்டகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னுமொரு தடவை திறப்பேன். ஆனால் எங்கே நிறுத்துவதென்று திறக்க முதலே முடிவெடுப்பேன். உயிருள்ள எலும்பை உளியால் சீவினால் சின்னச் சின்ன இரத்தப் புள்ளி கசியும். இறந்தது வெள்ளையாக, காய்ந்து இருக்கும். புள்ளி வரும்வரை சீவுவோம். வெட்டி எடுத்த இடைவெளி என் உள்ளங்கை அகலத்தைத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காலை எடுப்பேன். அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் தோன்றும்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அதையும் சொன்னேன். அப்பா அவருடைய உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு என் காலில் அந்த அகலம் எங்கே வருமென்று கண்ணால் அளந்தார்.

"நீ என்ன சொல்லுறாய்?" என்று என்னைக் கேட்டார்.

"அவா சொல்லுறது சரி அப்பா. கோடு போட்டிட்டுப் போவம்."

அம்மா அழுதுகொண்டே தலையாட்டினார். நான் கையெழுத்து வைத்தேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா கூடவே நடந்து வந்தார், போர்வைக்கு மேலால் இடது பாதத்தைப் பிடித்தபடி, இனிமேல் வரக்கூடாதென்ற கதவுவரைக்கும்.

கண் விழித்தபோது தொண்டை எரிந்தது. இடது பாதத்தின் பெருவிரல் அரித்துக் கடித்தது. கடிக்கிறதே, அப்படியானால் இருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்க்கத் துணிவில்லை. அப்பா கட்டிலடியில் நின்றார். முகம் சவரம் செய்யவில்லை.

"அப்பா?"

வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடிக்கவில்லை, தன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார், பஸ் கந்தோரில் விசாரணைக்கு இருப்பதுபோல.

"சொல்லுறன், கேள். சீவிக்கொண்டு போகப் போக வெள்ளைதானாம். இரத்தம் வரேல்லையாம். உள்ளங்கையைத் தாண்டிட்டுதாம். முழங்கால் இருக்கு. அதுக்குக் கீழை ஒரு சாண் விட்டிருக்கினம். மிச்சம் இல்லை. இல்லாத விரல் கடிக்கிறமாதிரி இருக்குமாம், அது கனநாளுக்கு இருக்குமாம். செயற்கைக் கால் பூட்டலாமாம். பந்தயத்துக்கு ஓடுறமாதிரி இராது, நடக்கலாம். காய்ச்சல் இறங்கத் தொடங்கிட்டுது." மூச்சு விட்டார். "அந்த அம்மருட் பிள்ளை சொன்னது இவ்வளவும். நான் ஒண்டும் விடேல்லை."

நான் அழுதேன். அப்பா "அழாதை" என்று சொல்லவில்லை.

நான்காம் நாள் எண் அறுபது. மாமா மறுபடி வந்தார், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். "படியிலை விழுந்ததுக்கோ இப்பிடி?"

"படியில்லை அண்ணை" என்றார் அம்மா. "பந்தயக் கார். இருங்கோ, சொல்லுறன்." மட்டைக் கிண்ணத்தை எடுத்தார். சில்லுக்கும் செட்டைக்கும் அவர் சொன்ன விளக்கம் முழுக்கச் சரியில்லை. ஆனால் இடைவெளியைச் சரியாகச் சொன்னார், ஒரு சாணென்று விரித்துக் காட்டி.

மாமா போன பிறகு மடிக்கணினியைத் தரச்சொன்னேன். அம்மா தந்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார், முன்பு கால் இருந்த இடத்தில், அங்கே இப்போது இடமிருந்தது.

"அந்தக் காயிதமோ?"

"ஓம்."

"எழுத எழுத எங்களுக்கும் சொல்லு."

ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் சொன்னேன். பாதையின் சரிவு, செட்டைகள், கும்பல், சில்லுகளின் இடைவெளி, என் சட்டைப்பையில் இருந்த பக்கம். அதைத் தட்டச்சுச் செய்து இணைத்தேன். ஒரு பிரதி நோலனுக்கு. கடைசி வரியில் எழுதினேன்: நோலன் என்னைக் கேட்டான், எனக்குத் தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை.

அதையும் தமிழில் சொன்னேன்.

அம்மா கொஞ்சநேரம் திரையைப் பார்த்தார், அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தவர்போல.

"அது ஏன் அடியிலை கிடக்கு?" என்றார். "மேலை போடு. முதல் வரியிலை."